சுற்றுச் சத்தமும் கேட்கிற இயர்பட்: ரோட்டுக்கு எது, வீட்டுக்கு எது?

கல்லடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். விடியற்காலையில் கடற்கரை வீதியில் நடக்கிறீர்கள், பிறகு சைக்கிளில் பாலம் தாண்டி டவுனுக்கு வேலைக்குப் போகிறீர்கள், பின்னேரம் சமைத்துக்கொண்டே படுக்கையில் இருக்கும் அம்மா கூப்பிட்டால் ஓட வேண்டும். மூன்று இடத்திலும் ஏதாவது கேட்டுக்கொண்டிருக்க ஆசை. இப்போதிருக்கும் ரப்பர் முனை வைத்த இயர்பட்டைப் போட்டுக்கொண்டு போனபோது பின்னால் வந்த மோட்டார் சைக்கிளின் ஹோர்ன் கேட்கவில்லை, பயந்துவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெளிச் சத்தத்தை உள்ளே விடும் ட்ரான்ஸ்பேரன்சி மோட் உள்ளது வாங்கவா, காதை அடைக்காத ஓப்பன் இயர் வாங்கவா, எலும்பு வழியாகக் கேட்கும் போன் கண்டக்ஷன் வாங்கவா, அல்லது இருப்பதையே ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளவா என்பது கேள்வி. மொடல் பெயரைக் கேட்பதுபோல இருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது, காதில் ஒன்று பாடிக்கொண்டிருக்கும்போது வெளிச் சத்தத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத்தான். அதனால் முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் காது கேட்டலைப் பரிசோதிக்கும் தொழிலில் இருப்பவன். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்து ஆட்களையும் பல வருடமாகக் கேட்டல் பரிசோதனை அறையில் உட்கார வைத்துப் பார்த்து வருகிறேன். காது எப்படி வேலை செய்கிறது, எது அதைக் கெடுக்கிறது என்பதில் உறுதியாகப் பேசுவேன். எந்தக் கருவியில் பாட்டு இனிமையாக இருக்கிறது என்பது என் துறை இல்லை. பேஸ் என்கிற அடிச்சத்தம் எவ்வளவு அதிருகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் இசை தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னால் வரும் வண்டியை நாம் எப்படி அறிகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சத்தம் வலப்பக்கத்திலிருந்து வந்தால் வலது காதுக்கு முதலில் வந்து, இடது காதுக்குக் கொஞ்சம் பிந்திப் போகும். பிந்துவது அதிகபட்சம் 0.7 மில்லி வினாடி அளவுதான், ஆனாலும் மூளை அதைப் பிடித்துவிடும். தலை நடுவில் நின்று மறைப்பதால் தூரத்துக் காதில் சத்தம் சற்றுக் குறைவாகவும் இருக்கும். இந்த இரண்டும் இடமா வலமா என்று சொல்லும். முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்று சொல்லுவது காதுமடலின் மடிப்புகள். பின்னாலிருந்து வரும் சத்தம் அந்த மடிப்புகளில் பட்டு, கூரிய ஒலிகளில் ஒரு சிறு மாற்றத்தோடு காதுக்குழிக்குள் இறங்கும். அவரவர் காதுமடலுக்கு அந்த மாற்றம் வேறுபடும். பிறந்ததிலிருந்து மூளை அதைப் பழகி வைத்திருக்கிறது. ஆகவே வெளிச் சத்தம் "கேட்டால்" மட்டும் போதாது. எந்தப் பக்கம், எவ்வளவு கிட்ட என்று தெரிய வேண்டும். விளம்பரங்கள் முதலாவதைப் பற்றித்தான் பேசும். ரோட்டில் நம்மைக் காப்பாற்றுவது இரண்டாவது.

ரப்பர் முனையால் காதை அடைத்துவிட்டு, வெளியே உள்ள மைக்கால் சத்தத்தை எடுத்து உள்ளே திரும்பப் பாடிக்காட்டுவதுதான் ட்ரான்ஸ்பேரன்சி மோட். ஆப்பிளின் எயர்பொட்ஸ் ப்ரோ 2019இல் இதோடு வந்த பிறகுதான் பலருக்கும் இது பழக்கமானது. சொனியும் சாம்சுங்கும் அம்பியன்ட் சவுண்ட் என்று சொல்வதும் இதுவே. நல்ல கருவியில் இது மிக நன்றாகவே இருக்கும். கடைக்காரரோடு கதைக்க, பஸ்ஸில் கொண்டக்டர் இடம் சொல்வதைக் கேட்க, ஒபிஸில் பக்கத்து மேசைக்காரருக்குப் பதில் சொல்லத் தாராளமாகப் போதும். ஆனால் மலிவான கருவிகளில் மைக்கின் இரைச்சலே "ஸ்ஸ்" என்று ஓடிக்கொண்டிருக்கும், சத்தமெல்லாம் ஒரே தளத்தில் தட்டையாகக் கேட்கும், முன்னும் பின்னும் குழம்பும். காதுமடல் செய்யவேண்டிய வேலையை வெளியே ஒட்டியிருக்கும் மைக் செய்ய முடியாததுதான் காரணம். இன்னொன்று, மோட் அணைந்தாலோ பற்றரி தீர்ந்தாலோ உங்கள் காதில் இருப்பது வெறும் அடைப்பான். நன்றாகப் பொருந்திய ரப்பர் முனை கூரிய ஒலிகளை 20 டெசிபெல்லுக்கு மேலும் குறைத்துவிடும். சைக்கிள் பெல், ஹோர்னின் கூர்மை, டயர் ரோட்டில் உரசும் சத்தம் எல்லாம் அந்தக் கூரிய பகுதியில்தான் இருக்கின்றன. உங்களுக்கு அன்று நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஓப்பன் இயர் என்பதில் காதுக்குழி திறந்தே கிடக்கும். சிறு ஸ்பீக்கர் ஒன்று காதுக்குப் பின்னால் கொக்கி போட்டோ, காதோரத்தில் கிளிப்பாகக் கடித்தோ குழிக்குப் பக்கத்தில் நின்று பாடும். சொனி 2022இல் நடுவில் ஓட்டை வைத்து லிங்க்பட்ஸ் என்று ஒன்றை விட்டது. 2023 இறுதியில் ஹுவாவேயின் ஃப்ரீகிளிப்பும் 2024இல் போஸின் அல்ட்ரா ஓப்பனும் வந்த பிறகு கிளிப் வகையைப் பல கம்பனிகள் செய்யத் தொடங்கிவிட்டன. இப்போது நம் ஊர்க் கடைகளிலும் அந்த உருவத்தில் பல பெயர்களில் கிடக்கின்றன. இதில் வெளிச் சத்தம் இயற்கையாக, உங்கள் காதுமடலின் மடிப்புகளைத் தொட்டுக்கொண்டே வருகிறது. அதற்கு நடுவில் மைக்கும் இல்லை, தாமதமும் இல்லை, பற்றரி தீர்ந்தாலும் காது காதாகவே இருக்கும். குறை என்னவென்றால், காதை அடைக்காததால் பேஸ் நிற்காது. அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் கேட்கும். பேச்சு, செய்தி, குர்ஆன் ஓதல், பாடம், திருவாசகம் கேட்கிறவர்களுக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

எலும்பு வழிக் கேட்டலை நம் ஊர் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது எளிது. கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு ஒட்டிவைத்துப் பாடும் மீனைக் கேட்பார்கள் அல்லவா, அதுபோலத்தான். காற்று வழியாக வராத அதிர்வு திடப்பொருள் வழியாக வந்து சேருகிறது. இந்தக் கருவி காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் அமர்ந்து அதிரும். அதிர்வு மண்டையோடு வழியாக உட்காதிலுள்ள நத்தைச்சுருளுக்குப் போகும். செவிப்பறைக்குப் பெரிதாக வேலை இல்லை. முன்பு ஆப்டர்ஷாக்ஸ் என்றிருந்து 2021இல் ஷாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பனிதான் இதில் பரவலாகத் தெரிந்த பெயர். காது முழுக்கத் திறந்திருக்கும், ஓடினாலும் விழாது. ஆனால் பாட்டில் அடிச்சத்தம் மெலிந்திருக்கும், சத்தத்தைக் கூட்டினால் கன்னத்தில் கூச்சம் மாதிரி அதிரும், தலைக்குப் பின்னால் ஒரு பட்டி வரும்.

"எலும்பு வழி என்றால் காதுக்குக் கேடு இல்லை" என்று பெட்டிகளில் எழுதுகிறார்கள், அது பிழை. அதிக சத்தம் கெடுப்பது செவிப்பறையை அல்ல, நத்தைச்சுருளுக்குள் இருந்து சத்தத்தை உணரும் மயிர்க்கலங்களை. காற்று வழியாக வந்தாலும் எலும்பு வழியாக வந்தாலும் சத்தம் போய்ச் சேருவது அங்கேதான். செத்த மயிர்க்கலம் மனிதரில் திரும்ப முளைக்காது. இதில் சந்தேகம் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். போன் கண்டக்ஷன் என்று எழுதி மலிவாக விற்கும் பலவற்றில் எலும்பும் இல்லை, அதிர்வும் இல்லை. சாதாரணச் சிறு ஸ்பீக்கரைக் காதுக்கு முன்னால் தொங்கவிட்டிருப்பார்கள். கடையிலேயே கண்டுபிடிக்கலாம். கருவியைப் போட்டு ஒரு பேச்சை ஓடவிடுங்கள். இரண்டு காதுக்குழியையும் விரலால் அழுத்தி அடையுங்கள். உண்மையான எலும்பு வழிக் கருவி என்றால் சத்தம் கூடும், அடிச்சத்தம் நிறையும். போலி என்றால் சத்தம் குறைந்துபோகும். வாயை மூடி முனகிக்கொண்டே காதை அடைத்துப் பார்த்தால் உங்கள் சொந்தக் குரல் உள்ளே பெருத்துக் கேட்குமே, அதே காரணம்தான். நாங்கள் பரிசோதனை அறையில் இசைக்கவையை வைத்துச் செய்வதும் இதன் உறவுதான். கடைக்காரர் பெட்டியைத் திறக்க விடமாட்டேன் என்றால் அந்த விலைக்கு வாங்காதீர்கள்.

இனித்தான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்த வகை வாங்கினாலும், வெளிச் சத்தம் கேட்பதும் கேட்காததும் கடைசியில் உங்கள் வொலியூமின் கையில் இருக்கிறது. காதை அடைக்காத கருவி பாட்டோடு சேர்த்து ரோட்டுச் சத்தத்தையும் உள்ளே விடும். கல்முனை ரோட்டில் காத்தான்குடி தாண்டும்போது பஸ்ஸும் டிப்பரும் பக்கத்தில் உறுமிக்கொண்டு போனால் அந்தச் சத்தமே 80 டெசிபெல்லைத் தொடும். அதற்கு மேலே பேச்சு விளங்க வேண்டுமென்றால் நீங்கள் பேச்சை இன்னும் மேலே ஏற்ற வேண்டும். விரல் தானாகவே வொலியூமுக்குப் போகும். ஏற்றியதும் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, திறந்த காதுக்குள் வந்துகொண்டிருந்த சைக்கிள் பெல்லையும் பின்னால் வரும் ஆட்டோவையும் அந்தப் பாட்டே மூடிவிடும். குறிப்பாக அடிச்சத்தம் கனத்த பாட்டு தன்னைவிடக் கூரிய சத்தங்களையும் சேர்த்து மூடும் இயல்புடையது. இரண்டு, காது அடிவாங்கத் தொடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அளவுகோலின்படி வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 90க்குப் போனால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். பிள்ளைகளுக்கு அந்தத் தொடக்கமே 75 டெசிபெல். ஓப்பன் இயர் காதுக்கு நல்லது என்று பரவலாகச் சொல்லப்படுவதை நான் அப்படியே ஏற்காததற்கு இதுவே காரணம். அமைதியான இடத்தில் நல்லது. இரைச்சலான இடத்தில், அடைக்கும் கருவியைவிடவும் அதிக சத்தத்துக்கு ஆளை இழுத்துவிடும்.

அதனால் வீட்டுக்குள்ளே, ஒழுங்கையில், காலைக் கடற்கரையில் ஒரு வொலியூமைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை நீளத்தில் நிற்பவர் சாதாரணக் குரலில் கதைத்தால், நீங்கள் எதையும் கழற்றாமல், குறைக்காமல் விளங்கிக்கொள்ளக்கூடிய அளவு. ரோட்டுக்கு வந்த பின் அந்த அளவில் கேட்கவில்லை என்றால் கூட்டாதீர்கள், நிற்பாட்டுங்கள். பிரதான வீதியில் கேட்க முடியாத பகுதி கேட்காமலே போகட்டும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் போவது பாலம். சைக்கிள் வேகத்தில் காதோரம் காற்று உரசும் இரைச்சலே வெளிச் சத்தத்தில் பாதியைத் தின்னும். வேகம் கூடக்கூட அது மிகக் கெதியாக ஏறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாலத்தின் மேல் எந்தக் கருவியும் இல்லாத வெறுங்காதுக்கே பின்னால் வரும் வண்டி கிட்ட வந்த பிறகுதான் கேட்கும். ட்ரான்ஸ்பேரன்சி மைக்குகள் இந்தக் காற்றைப் பிடித்துப் பெருக்கி உள்ளே கொட்டும், அல்லது காற்றை உணர்ந்ததும் வெளிச் சத்தத்தையே குறைத்துவிடும். இரண்டும் உங்களுக்கு உதவாது. கொக்கி வகை ஓப்பன் இயரும் காதோரம் நீட்டிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் கூடுதலாக இரையும். பாலம் வரும் முன் நிறுத்தி, பாலம் தாண்டிய பின் தொடருங்கள் என்பதுதான் என் பதில். பாலத்துக்கு ஏறுகிற சந்தியில் வண்டிகள் பல பக்கத்திலிருந்து வருகின்றன. அங்கே கண்ணும் காதும் இரண்டுமே முழுதாக வேண்டும்.

கேட்பது என்ன என்பதும் ஒரு விடயம். தொடர்ந்து அடிக்கும் பாட்டுக்குள் இடைவெளி இல்லை. பேச்சுக்குள் இருக்கிறது, வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே வெளிச் சத்தம் நுழையும். அந்த வகையில் பேச்சு நல்லது. ஆனால் பேச்சு மனதையும் இழுத்துக்கொள்ளும். கதை சுவாரசியமானால் காதுக்கு வந்த ஹோர்னை மனம் எடுத்துக்கொள்வதில்லை. சத்தம் காதை எட்டுவது வேறு, நாம் அதைக் கவனிப்பது வேறு. முதலாவதை நல்ல கருவி வாங்கிச் சரிசெய்யலாம். இரண்டாவதற்குக் கருவி இல்லை. ஓப்பன் இயர் போட்டால் விபத்து நடக்காது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அம்மா விடயத்துக்கு வருகிறேன். வீட்டில்தான் இந்தக் கருவிகள் உண்மையில் தங்கள் வேலையைச் செய்யும். குசினியில் எண்ணெய் பொரியும் சத்தம், தண்ணீர்க் குழாய், காற்றாடி எல்லாம் கூரிய இரைச்சல். வயதான ஒருவரின் பலவீனமான குரல் அதற்குள் எளிதில் அமுங்கும். இது இயர்பட் இல்லாவிட்டாலும் இருக்கும் பிரச்சினை. அதனால் அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணியையோ, சின்ன வயர்லெஸ் கோலிங் பெல்லையோ வைத்துவிடுங்கள். குரலைவிட மணி எண்ணெய்ச் சத்தத்தைத் தாண்டி வரும். இயர்பட் எதுவாக இருந்தாலும் அவருடைய பாதுகாப்பை அதன்மேல் வைக்காதீர்கள். சில கருவிகளில் நீங்கள் வாய் திறந்து கதைத்தவுடன் பாட்டு தானே நின்றுவிடும் வசதி உண்டு. ஆனால் அது உங்கள் குரலுக்கு நிற்கிறது, அம்மாவின் குரலுக்கு அல்ல. கூடவே பாடினாலும் இருமினாலும் நின்று தொல்லை தரும்.

வாங்கும் முன் ஒரு பரிசோதனை செய்யுங்கள். நாங்கள் கிளினிக்கில் கருவி எதுவுமில்லாமல் விரைவாகக் கேட்டலைப் பார்ப்பதற்கு, ஆளின் பின்னால் ஒரு கை நீளத்தில் நின்று மெதுவாக இலக்கங்களைக் கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். அதையே செய்யுங்கள். கூட வந்தவரைப் பின்னால் நிற்க வைத்து, முதலில் வெறுங்காதோடு, பிறகு கருவியைப் போட்டுப் பாட்டில்லாமல், பிறகு நீங்கள் வழக்கமாக வைக்கும் வொலியூமில் ஒரு பேச்சை ஓடவிட்டு, மூன்று தடவையும் "நாலு, ஏழு, ரெண்டு" என்கிற மாதிரி மாற்றி மாற்றிக் கிசுகிசுக்கச் சொல்லுங்கள். இரண்டாவதில் பிழை வந்தால் அந்தக் கருவி உங்கள் காதை அடைக்கிறது. மூன்றாவதில் மட்டும் பிழை வந்தால் கருவி சரி, வொலியூம் கூட. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அவர் உங்களைச் சுற்றி மெதுவாக நடந்து இடையிடையே விரல் சொடுக்க, சத்தம் வந்த பக்கத்தைக் கையால் காட்டுங்கள். முன்னால் சொடுக்கினதைப் பின்னால் என்று காட்டினீர்களானால் சைக்கிளில் போட அது கூடாது.

நம் வெப்பத்தில் காதுக்குழி எப்போதும் ஈரமாகவே இருக்கும். ரப்பர் முனையால் நீண்ட நேரம் அடைத்தால் வியர்வை உள்ளே தேங்கி, கடி, வலி, பங்கசு எல்லாம் வருகிறது. மழைக்காலத்தில் இதோடு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறோம். குறும்பியை உள்ளே தள்ளி இறுக்குவதும் அதே முனைதான். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர், அடிக்கடி காதில் நீர் வடிகிறவர் அடைக்கும் வகையைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு ஓப்பன் இயரோ எலும்பு வழியோதான் சரி. தண்ணீர் தாங்கும் அளவைக் காட்டப் பெட்டியில் எழுதும் குறியீட்டில், வியர்வைக்கும் தூறலுக்கும் ஐபிஎக்ஸ்4 போதும், ஐபி55 என்றால் தூசிக்கும் கொஞ்சம் தாங்கும். அந்த இலக்கங்கள் எல்லாம் நல்ல தண்ணீரில் பார்த்தவை; உப்புக்கு உத்தரவாதம் இல்லை. கடற்கரையில் நடந்து வந்ததும் ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு பெட்டியில் வையுங்கள். பெட்டிக்குள் சார்ஜ் ஏறும் சிறு உலோகப் புள்ளிகளில் உப்பு படிந்தால் பச்சை பிடித்து ஒரு பக்கம் சார்ஜ் ஏறாமல் போகும். கடலோரத்தில் இயர்பட் கெடும் வழக்கமான வழி இது. வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலும் வைக்காதீர்கள், பற்றரிக்கு வெப்பம் எதிரி.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. படுவான்கரைப் பக்கமும் அம்பாறைப் பக்கமும் யானை நடமாடும் வழியில் அதிகாலையிலும் இருட்டியும் போகிறவர்கள் எந்த வகையையும் போடக்கூடாது. யானையின் பாதம் மெத்தென்றது, இவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் நடக்கும். முன்கூட்டித் தெரிவது ஒரு கிளை முறிகிற சின்னச் சத்தம்தான், அதை மிக மெல்லிய பாட்டும் மூடிவிடும். தண்டவாளத்து வழியாக நடக்கிறவர்களுக்கும் இதே சொல். மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டுக்குள் கொக்கியும் பட்டியும் அழுத்தும், காற்றிரைச்சல் எல்லாவற்றையும் மூடும், ஆகவே ஒன்றும் வேண்டாம். முக்காடு போடும் பெண்களுக்குக் கிளிப் வகை வசதி; ஆனால் துணி மைக்கில் உரசிப் போன் அழைப்பில் மறுபக்கத்துக்குக் கரகரக்கும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கொக்கி வகை காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காலோடு முட்டும். கண்ணாடியோடு போய்ப் போட்டுப் பாருங்கள். காதின் மேற்பகுதியில் தோடு குத்தியிருந்தால் கிளிப் கடிக்கும்.

உங்களுக்கு என்றால், தங்கச்சி, நான் சொல்வது காற்று வழி ஓப்பன் இயர். நடைக்கும் வீட்டுக்கும் அதுதான் பொருத்தம். கிளிப்பா கொக்கியா என்பது உங்கள் காதின் உருவத்தைப் பொறுத்தது, எழுத்தில் சொல்ல முடியாது. அரை மணி நேரம் போட்டுப் பார்த்து வலிக்காததை எடுங்கள். அதிக விலை கொடுக்க முடியாது என்கிறீர்கள். காசைச் சேமிக்கக்கூடிய இடம் ஒலித் தரமும் இரைச்சல் நீக்கும் வசதியும். அந்த நீக்கும் வசதி ஓப்பன் இயரில் பெரிதாக வேலை செய்வதும் இல்லை. சேமிக்கக்கூடாத இடம் இரண்டு. ஒன்று, கண்ணால் பார்க்காமல், கை நழுவாமல் உடனே நிறுத்தக்கூடிய பட்டன். தொட்டால் வேலை செய்யும் வகை வியர்வை விரலுக்குப் பிடிகொடுக்காது, சைக்கிளில் அது ஆபத்து. அமுக்கும் பட்டன் தேடுங்கள். இரண்டு, பில்லோடு வரும் வாரண்டி. இவ்வளவு சிறிய பற்றரியை மாற்றித்தர ஆளில்லை, இரண்டு மூன்று வருடத்தில் அது தளரும், அதற்கு முன் ஒரு பக்கம் செத்தால் மாற்றித்தர ஒரு கடை இருக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் மணி நேரக் கணக்கை நம்பி வாங்காதீர்கள், அது நடுத்தர வொலியூமில் எடுத்த கணக்கு.

இருப்பதையே ஒரு காதில் போட்டால் என்ன என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். புதிது வாங்கும் வரைக்கும் நடைக்கும் வீட்டுக்கும் அது பரவாயில்லை. போடுவதென்றால் இடது காதில் போடுங்கள். நாம் இடப்பக்கம் போகிற நாடு, முந்துகிற வண்டி வலப்பக்கமாகத்தான் வரும், வலது காது திறந்திருக்கட்டும். ஆனால் சைக்கிளில் இதைச் செய்யாதீர்கள். திசையைக் கண்டுபிடிக்க இரண்டு காதும் ஒத்து வேலை செய்ய வேண்டும். ஒன்றை ரப்பரால் அடைத்துவிட்டால் வண்டி வருவது தெரியும், எங்கிருந்து என்பது தெரியாது, எல்லாமே திறந்த காதுப் பக்கமிருந்து வருவதுபோல மூளைக்குத் தோன்றும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு காதில் கேட்கும்போது அதே அளவு சத்தமாகத் தோன்ற வொலியூமைக் கூட்டுவோம், அதனால் ஒரே காது எப்போதும் அடிவாங்கும். வீட்டில் போடும்போது காதை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஏற்கெனவே ஒரு பக்கம் மந்தமாகக் கேட்கிறது, அல்லது கழற்றிய பிறகும் "கீ" என்று இரைகிறது என்றால் புதுக் கருவி வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள், அதற்கு மருந்தை எவ்வளவு கெதியாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்றாகப் பலிக்கும்.